வளையம் வைத்த காசு

அவர் ஸ்கூட்டரைப் பூட்டுகிற விதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூட்டுவார். ஹாண்டிலை ஆட்டிப் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடந்து வருவார், நின்று யோசிப்பார், திரும்பப் போய் மறுபடியும் ஆட்டிப் பார்ப்பார். "அண்ணே, அந்த ஓட்ட வண்டிய எவனாச்சும் தூக்கிட்டுப் போனா நாமதான் அவனுக்கு ரிப்பேர் செலவு குடுக்கணும், உள்ள வாங்கண்ணே" என்று நான் வாசலிலிருந்தே கத்துவேன். "இருக்கட்டும் தங்கச்சி, இன்னொருக்கா பாத்துக்கிட்டா நிம்மதி" என்பார். நிம்மதியாம்! அந்த மனிதர் நிம்மதியாக இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

திருநகரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் நகைக்கடன் கிளார்க்காக இருந்தபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகைகளைச் சோதித்துச் சொன்னவர் அவர். அப்ரைசர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மேனேஜரே அப்படித்தான். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும், யார் வாயிலும் இருந்ததில்லை. ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பழைய கைக்குட்டைக்குள் சுற்றிய லென்ஸ். ஆசிட் பட்டுப் பட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கும்.

எந்த நகையைக் கொடுத்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "ஒரு நிமிஷம்". உரைகல்லில் ஓர் இழுப்பு, அதன் மேல் ஒரு சொட்டு ஆசிட், எடை, லென்ஸ், அதோடு முடிந்ததா என்றால் முடியாது. மறுபடியும் கல். எதிரே நிற்கிற ஆளுக்கு உயிர் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வந்தவர்கள், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்று ஓடி வந்தவர்கள், எல்லோரும் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் புருவம் கொஞ்சம் சுருங்கினால் போதும், மார்க்கெட்டில் மீன் விற்கிற தைரியசாலிப் பெண்ணுக்குக்கூட முகம் வெளுத்துவிடும். "கொஞ்சம் சிரிச்ச முகமா பாருங்கண்ணே, அவங்க வீட்டு நகையத்தான கொண்டாந்துருக்காங்க" என்று நான் சொன்னால், "சிரிச்சுட்டு அப்பறம் இல்லன்னு சொன்னா அது இன்னும் பாவம்ல" என்பார். அவர் சொல்வது நியாயந்தான். ஆனாலும் கோபம் வரும்.

டீ வந்தால் மோந்து பார்ப்பார். "பால் நேத்துப் பாலா தம்பி?" என்று டீக்கடைப் பையனிடம் கேட்டு, அவன் சத்தியம் செய்த பிறகும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்திருந்து பார்ப்பார். ஒருமுறை மேனேஜர் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் வைத்துப் போனோம். மண்டபத்து வாசலில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் பூவில் எழுதித் தொங்குகிறது. மேனேஜரே வாசலில் நின்று கும்பிடுகிறார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நம்ம கல்யாணம் இந்த மண்டபந்தானே?" என்று கேட்டார். வேனில் வந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணாந்து அந்தப் பூப்பெயரை இன்னொரு தடவை படித்துக்கொண்டார்.

வேடிக்கைதான். ஆனால் அந்த வியாதி தொத்திக்கொள்ளும். நானே ராத்திரி படுத்த பிறகு எழுந்து போய் கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். "என்ன, அப்ரைசர் நம்ம வீட்டுக்கும் வந்துட்டாரா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். முன்பு வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது ஒரு காசை நல்லது என்று சொல்லிவிட்டார். அது போலி. அடகு வைத்தவன் திரும்ப வரவில்லை. விளாங்குடியில் மனைவி பேரில் இருந்த மனையை விற்றுத்தான் அந்தக் கணக்கை நேர் செய்தாராம். அதிலிருந்து சங்கிலி, வளையல், தோடு எதற்கும் ஒரு பங்கு பயம் என்றால், பழைய காசு என்றால் பத்துப் பங்கு பயம்.

காசு என்றால் அந்தக் காலத்து இங்கிலீஷ் பவுன் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒருவன். எங்கள் சங்கத்தில் வெறும் காசுக்குக் கடன் கிடையாது. ஒரு வளையம் பற்ற வைத்துச் சங்கிலியில் கோத்துவிட்டால் அது நகை, அதற்குக் கடன் உண்டு. சட்டம் அப்படி. அதனால் வருகிற காசெல்லாம் வளையம் வைத்துத்தான் வரும். அங்கேதான் அவருக்குக் கண்டம். வெறும் காசு என்றால் விரலால் சுண்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடலாம். வளையம் வைத்த காசு சரியாகச் சத்தம் கொடுக்காது, நல்ல காசுகூடச் செத்த சத்தந்தான் கொடுக்கும். திருட்டு வேலை செய்கிறவன் காசின் விளிம்பில் ஓட்டை போட்டு, உள்ளே குடைந்து தங்கத்தை எடுத்துவிட்டு, கனமான வேறு எதையாவது அடைத்து, அந்த ஓட்டைக்கு மேலேயே வளையத்தை வைத்துவிடுவான். மேலே உரசினால் தங்கம். எடையும் சரியாக இருக்கும். வளையத்தை அறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அறுத்துவிட்டால் அது மறுபடி வெறும் காசு, கடன் கிடையாது. இந்த இடியாப்பச் சிக்கலை அவர் எனக்கு விளக்கிச் சொல்லும்போதே அவருக்கு வேர்த்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெயராணி வந்தாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள், எனக்கும் நல்ல பழக்கம். கூடவே அவள் வீட்டுக்காரர். அவருக்கு நெஞ்சில் அடைப்பு, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். மனுஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜெயராணி கழுத்திலிருந்து காசுச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். "எங்க மாமியா குடுத்ததுண்ணே. மூணு மருமகள்ல எனக்கு மட்டுந்தான் குடுத்தாக" என்றாள். அந்தக் கஷ்டத்திலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் இவர். கல்லில் உரசினார், சரியாக இருந்தது. எடையும் சரி. லென்ஸை எடுத்துக் காசின் தலையிலிருந்து மெதுவாக நகர்த்தி வளையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். புருவம் சுருங்கியது. பிறகு, மணி என்ன என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வளையம் எப்பம்மா மாத்துனீங்க?"

"மாத்தலயே. மாமியா வச்ச வளையந்தான்."

அவர் மறுபடியும் லென்ஸில் குனிந்தார். "புதுசா இருக்கே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அவ்வளவுதான். அந்த வார்த்தை ஜெயராணி முகத்தை என்ன செய்தது என்று நான் பார்த்தேன். "அப்ப காசு? காசு எங்க காசுதானா?" என்றாள். "காசப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா, ஒரு நிமிஷம்" என்றார். அந்த நிமிஷம் முடிகிற வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. கணவனுக்கு நெஞ்சை அறுக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் இருக்கிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "மதினி வாங்கிட்டுப் போச்சு. மகளுக்குப் புதுநன்மைன்னு போன வருசம் எரவல் வாங்கிட்டுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். மதினி என்றால் அவள் வீட்டுக்காரருக்கு அக்கா, அவனியாபுரத்தில் இருக்கிறவர். புதுநன்மை என்றால் சர்ச்சில் பிள்ளைகளுக்கு முதல்முதலாக நற்கருணை கொடுக்கிற விசேஷம். ஸ்பீக்கரில் வேறு போட்டாள். ஊரே கேட்கட்டும் என்றுதான்.

"மதினி, எங்க காசுல வளையத்த மாத்துனீங்களா?"

"ஆமாத்தா. கோயில்ல வச்சு அத்துப்போச்சு. புதுசா ஒண்ணு வச்சுக் குடுத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சங்கடப்படுவியேன்னுதான்."

"வளையத்த மட்டுந்தான் மாத்துனீங்களா, இல்ல காசையும் சேத்து மாத்திட்டீங்களா?"

அய்யோ என்று என் வாயில் வந்துவிட்டது. ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, "ஏய், போன வையிடி" என்று கத்த முயன்றார், சத்தம் வரவில்லை. வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்.

அப்ரைசர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அமிலத்தைக் கையில் கொட்டிக்கொண்டவர்போல இருந்தார். "நான் சும்மாதானம்மா கேட்டேன்" என்றார். "வெட்டுங்க. வளையத்த வெட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஜெயராணி. "வெட்டினா இப்ப கடன்..." என்று இழுத்தார். "வெட்டுங்கண்ணே!"

வெட்டினார். ஒட்டு இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி லென்ஸில் பார்த்தார். ஓட்டை போட்ட தடம் எங்கேயும் இல்லை. பிறகு காசை விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினார். கணீரென்ற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"நல்ல காசு. சந்தேகமே இல்லம்மா" என்றார்.

சந்தேகமே இல்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். கேட்டுச் சந்தோஷப்பட யாரும் இல்லை. ஜெயராணி காசைப் பார்க்கவேயில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க அக்காளத் திருடின்னு சொல்லிட்டேல்ல. அம்மா வேலைக்குப் போயிட்டா என்னைய இடுப்புல தூக்கி வளத்தது அவதான். அவ வந்து என் தலமாட்டுல நின்னாத்தான் நான் அந்த மேசைல படுப்பேன். இல்லன்னா இப்படியே கெடந்து சாகுறேன்."

சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. சனிக்கிழமை ஜெயராணி எனக்குப் போன் செய்து அழுதாள். அவனியாபுரத்துக்குப் போயிருக்கிறாள், கதவைத் திறக்கவில்லை. இங்கே வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், ஆபரேஷனுக்குக் கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்கிறாராம். "டாக்டர் தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்லிட்டாருக்கா, நான் எங்க போயி முட்டிக்குவேன்?" என்றாள்.

விஷயத்தை அப்ரைசரிடம் சொன்னேன். தூங்கியிருக்க மாட்டார் போல, கண் சிவந்திருந்தது. "நான் போயிப் பேசுறேன் தங்கச்சி. நீயும் வா. தனியாப் போனா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனோம். ஸ்கூட்டரை அங்கே எங்கே நிறுத்துவது என்று பயம். வழியெல்லாம் அரித்து எடுத்துவிட்டார். "திட்டுவாங்களோ?" "வீட்டுல இருப்பாங்களா?" "ஒருவேள நான் வந்தது இன்னும் தப்பாப் போயிட்டா?" எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஒரு கேள்விதான கேட்டீங்க, அதக் கேக்குறதுதான உங்க வேல! அவ அவசரப்பட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். எனக்குக் காசு மேல இருந்த பயத்துல மனுசங்க இருக்குறது கண்ணுல படல" என்றார்.

பட்டறைகள் இருக்கிற தெருவில் அந்த வீடு. எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார் அந்த அம்மா. எங்கள் மேல் கோபமில்லை என்பதுபோல இருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது.

"சந்தேகப்பட்டது நான்தாம்மா, ஜெயராணி இல்ல. காசு நல்ல காசு. அத நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் இவர்.

"அது நல்ல காசுன்னு எனக்குத் தெரியாதா? வளையம் வைக்கும்போது பக்கத்துல உக்காந்து கண்ண எடுக்காமப் பாத்தேன். அடுத்தவ பொருளாச்சே" என்றார் அந்த அம்மா. பிறகு இவரை நேராகப் பார்த்து, "ஒண்ணு கேக்கவா? போலின்னு வந்திருந்தா நீங்க இங்க வந்திருப்பீங்களா?" என்றார்.

வராமல் எப்படி என்று சமாளிக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர், "வந்திருக்க மாட்டேம்மா" என்றார்.

"அப்ப நீங்கெல்லாம் நம்புறது அந்தக் காச. என்னைய இல்ல."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைத்தானே சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தையும் பாசத்தையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பொய் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும் இடத்திலும் பொய் வராத வாய்.

"தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார் அந்த அம்மா. தம்பி வீம்பு பிடிக்கிறதைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "போங்க. நான் வாரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. போங்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில் சங்கம் திறந்ததுமே ஜெயராணி வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கைக்குட்டைக்குள் அந்தக் காசை முடிந்து வைத்திருந்தாள். "மறுபடி வளையம் வச்சுக் கொண்டாரவாண்ணே? கடன் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். இவருக்கு வாசல் மேலேயே கண். "வருவாங்களா தங்கச்சி?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்கென்ன தெரியும்?

வந்தார். அந்த அம்மா தனியாகத்தான் வந்தார். ஜெயராணி "மதினி" என்று எழுந்ததைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கவுண்டருக்கு வந்து, இரண்டு கையிலிருந்தும் வளையல்களைக் கழற்றி இவர் முன்னால் வைத்தார். அவர் தம்பியோடு சேர்ந்து எப்போதோ சங்கத்தில் உறுப்பினர் ஆனவர், கணக்கு இருந்தது.

"எந் தம்பி ஆபரேசனுக்கு இதுல குடுங்க. அந்தக் காசு வேணாம். நல்லாப் பாருங்க, நிதானமாப் பாருங்க" என்றார்.

இரண்டு கையும் மொட்டையாக இருந்தன. அதைப் பார்த்து ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இவரைப் பார்த்தேன். பரிதாபப்பட்டு ஒப்புக்குத் தடவிவிட்டு நல்லது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் படபடத்தது. அப்படிச் செய்திருந்தால் அந்த அம்மா வளையலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார். இவர் செய்யவில்லை. ஒவ்வொரு வளையலாக எடுத்துக் கல்லில் உரசினார், ஆசிட் விட்டார், எடை போட்டார், லென்ஸில் சுற்றிப் பார்த்தார். அந்த அம்மா அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் நல்லாருக்கும்மா" என்றார் கடைசியில். நான் எழுத ஆரம்பித்தேன்.

அந்த அம்மா நகரவில்லை. "ஒரு வளையல்ல ஒட்டு இருக்கே. நெளிஞ்சு ஒடஞ்சுபோயி நாந்தான் பத்த வச்சேன். பாக்கலையா நீங்க?"

"பாத்தேம்மா."

"பெறகு ஏன் எப்ப வச்சீங்கன்னு கேக்கல?"

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். ஹாலில் இருக்கிற எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். "கேக்கப் பயமாருக்கும்மா" என்றார்.

அந்த அம்மா திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த ஜெயராணியைப் பார்த்தார்.

"என்ன நின்டுக்கிட்டு இருக்க? வா. அவன் அங்க ஒத்தைல கெடக்கான்."